மென்பொருள் உருவாக்க மாதிரிகள்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கணினிப் படிப்பில் மென்பொருள் உருவாக்கச் சுழற்சி என்ற பாடம் பெரும்பாலும் படங்களாகத்தான் வரும். படிக்கட்டு போல இறங்கும் அருவி மாதிரி, 'வி' எழுத்து வடிவில் ஒன்று, நத்தைக் கூடு போலச் சுற்றிச் சுற்றி வரும் இன்னொன்று. படத்தை வரைந்து கட்டங்களின் பெயரை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். வேலையில் சேர்ந்த பிறகுதான் சிக்கல். ஒரே அலுவலகத்தில் ஒரு குழு ஆறு மாதத் திட்டம் போட்டு வேலை செய்யும். பக்கத்துக் குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக எதையாவது வெளியிடும். ஏன் இப்படி என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

இத்தனை வருட வேலையில் எனக்குப் புரிந்தது ஒன்று உண்டு. எல்லா மாதிரிகளும், அதாவது வேலையின் கட்டங்களை வரிசைப்படுத்தும் முறைகள் எல்லாம், ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன: நாம் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அது நமக்கு எப்போது தெரியவரும், அப்போது திருத்த எவ்வளவு செலவாகும்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த மாதிரியும் குழப்பாது. ஒரு சின்ன மென்பொருளை எடுத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்து படிப்படியாகப் போய்ப் பார்ப்போம். நூலகம் ஒன்றில் இரவல் கொடுக்கும் புத்தகங்களைப் பதிவு செய்யும் மென்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர், புத்தகம், கொடுத்த தேதி, திருப்ப வேண்டிய தேதி, தாமதமானால் அபராதம். பார்க்க எளிதாக இருக்கும். உள்ளே போனால்தான் தெரியும்.

இந்தத் துறைக்குப் 'பொறியியல்' என்ற பெயர் எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களில் கணினிகள் வேகமாகப் பெரிதாகின. ஆனால் அவற்றுக்கு எழுதிய மென்பொருள்கள் தாமதமாக வந்தன, செலவு மீறியது, வந்த பிறகும் சரியாக ஓடவில்லை. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் ஒரு மாநாடு நடந்தது. 'மென்பொருள் பொறியியல்' என்ற தலைப்பை வேண்டுமென்றே, சீண்டும் நோக்கத்தோடுதான் வைத்தார்கள். பாலம் கட்டுபவர் கணக்குப் போட்டுவிட்டுக் கட்டுகிறார், நாம் ஏன் கட்டிவிட்டுக் கணக்குப் பார்க்கிறோம் என்பதுதான் அந்தத் தலைப்புக்குள் இருந்த கேள்வி. அதே காலத்தில் அப்பல்லோ விண்கலத்தின் மென்பொருளை உருவாக்கிய மார்கரெட் ஹாமில்டனும், தங்கள் வேலைக்கு மற்ற பொறியியல் துறைகளுக்குரிய மதிப்பு வேண்டும் என்று இதே சொல்லைப் பயன்படுத்தினார்.

படி 1: கோடு (நிரல்) எழுதுவதற்கு முன் பயனர் பக்கத்தில் போய் உட்காருங்கள்

தேவைகளைச் சேகரித்தல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் தேவைகள் எங்கோ தரையில் சிதறிக் கிடப்பது போலவும், நாம் பொறுக்கி எடுத்து வந்தால் போதும் என்பது போலவும் தோன்றும். உண்மையில் அவை பாதி பேச்சிலும், பாதி பழக்கத்திலும் ஒளிந்திருக்கும். நூலகரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் "இரவல் பதிவேட்டைக் கணினியில் போட வேண்டும்" என்பார். அவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் வேறு கதை தெரியும். ஒருவர் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு அதே புத்தகத்தின் புதிய பிரதியை வாங்கி வந்து கொடுப்பார். இன்னொருவர் தன் அட்டையில் தம்பிக்குப் புத்தகம் எடுப்பார். திருப்ப வேண்டிய நாள் விடுமுறையாக இருந்தால் நூலகர் அபராதம் போட மாட்டார். ஆனால் அந்த விதி எங்கும் எழுதப்பட்டிருக்காது.

பார்த்ததை எல்லாம் எழுதுங்கள். எழுதும்போது ஒரே ஒரு சோதனை வையுங்கள்: இந்த வரி நிறைவேறியதா இல்லையா என்று மூன்றாவது ஆள் ஒருவரால் சொல்ல முடியுமா? "மென்பொருள் வேகமாக இருக்க வேண்டும்" என்பது தேவை ஆகாது. "உறுப்பினர் எண்ணை அடித்ததும் 2 விநாடிக்குள் அவர் கையில் உள்ள புத்தகங்களின் பட்டியல் திரையில் வர வேண்டும்" என்பது தேவை. முதல் வரியைப் பற்றி வாக்குவாதம் செய்யலாம், இரண்டாவதைக் கடிகாரம் வைத்து அளந்துவிடலாம். அப்புறம், எதைச் செய்யப் போவதில்லை என்பதையும் எழுதுங்கள். "முதல் வெளியீட்டில் இணையம் வழி முன்பதிவு இல்லை" என்ற ஒரு வரி, பின்னால் வரும் பல மனஸ்தாபங்களைத் தவிர்க்கும்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க் கோளை நெருங்கிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற நாசா விண்கலம் அழிந்துபோனது. தரையில் ஓடிய ஒரு மென்பொருள், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் அலகில் வந்திருப்பதாக எடுத்துக்கொண்டது. மெட்ரிக் அலகைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். எழுதியது நடக்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் விடுபட்டிருந்தது. அதனால் ஒவ்வொரு தேவைக்கும் எதிரே ஒரு கட்டம் விட்டு, "இதை எப்படிச் சோதிப்போம்?" என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

படி 2: மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். தேர்வுக்கு முன் இரண்டு விஷயங்களை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன வேண்டும் என்பது எனக்கும் பயனருக்கும் எவ்வளவு தெளிவாகத் தெரியும்? வெளியிட்ட பிறகு தவறு தெரிந்தால் திருத்துவது எவ்வளவு கஷ்டம்?

முதலில் அருவி மாதிரி. தேவை, பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, இயக்கம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. இதன் தந்தை என்று வின்ஸ்டன் ராய்ஸ் என்பவரைச் சொல்வார்கள். அவர் 1970இல் எழுதிய கட்டுரையில் அந்தப் படிக்கட்டுப் படம் இருப்பது உண்மைதான். ஆனால் படத்தைப் போட்ட கையோடு, இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியில் முடியும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: சோதனை கடைசியில் வருகிறது, வேகம், நினைவகம் போன்றவை முதல்முறையாக அங்கேதான் உண்மையில் அளக்கப்படுகின்றன, அங்கே பிழை தெரிந்தால் வடிவமைப்பு வரை, சில சமயம் தேவை வரை திரும்பிப் போக வேண்டியிருக்கும். அதற்கு மருந்தாக ஐந்து யோசனைகளைக் கொடுத்தார். முதலில் ஒரு முன்னோட்டப் பதிப்பைச் செய்து பார்த்துவிட்டு, இரண்டாவதாகச் செய்வதையே வாடிக்கையாளருக்குக் கொடுங்கள் என்பது அதில் ஒன்று. வாடிக்கையாளரை நடுவிலேயே ஈடுபடுத்துங்கள் என்பது இன்னொன்று. 'அருவி' என்ற சொல் அந்தக் கட்டுரையில் கிடையாது. படம் மட்டும் பரவியது, எச்சரிக்கை பின்தங்கிவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து, எந்த மாதிரியையும் அதை உருவாக்கியவர் எழுதியதிலேயே படிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அதற்காக அருவி மாதிரி எங்குமே உதவாது என்று சொல்ல மாட்டேன். விதிமுறைகள் சட்டம் போல உறுதியாக எழுதப்பட்டிருந்து, வேலை சிறியதாக இருந்து, இதே போன்ற ஒன்றை நீங்கள் ஏற்கெனவே செய்திருந்தால், நேர்கோட்டில் போவது குழப்பமில்லாத வழி. தெரியாதது குறைவு என்பதால், தாமதமாகத் தெரியவரும் தவறும் குறைவு.

வி மாதிரி அருவியின் தம்பி. இடது கை இறங்கும்போது தேவை, வடிவமைப்பு என்று வரும். வலது கை ஏறும்போது ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே அதற்கான சோதனை இருக்கும். தேவைக்கு எதிரே பயனர் ஏற்புச் சோதனை, விரிவான வடிவமைப்புக்கு எதிரே அலகுச் சோதனை (நிரலின் ஒவ்வொரு சிறு பகுதியையும் தனியாகச் சோதிப்பது), இப்படி. மேலே முதல் படியில் தேவைக்குப் பக்கத்தில் கட்டம் விடச் சொன்னேனே, அது இந்தச் சிந்தனைதான். மருத்துவக் கருவி, ரயில், வாகனக் கட்டுப்பாடு போல உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் இதை இன்றும் பார்க்கலாம். அங்கே "அடுத்த பதிப்பில் சரிசெய்துகொள்ளலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சைக் கொடுத்தது. முந்தைய கருவிகளில் வன்பொருளாக இருந்த பாதுகாப்புப் பூட்டுகளை நீக்கிவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். உயிரோடு விளையாடும் இடத்தில் வேலை செய்யப் போகிறவர்கள் இந்த விபத்தைப் பற்றி விரிவாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுருள் மாதிரியைப் பாரி போம் 1980களின் நடுவில் முன்வைத்தார். அதன் மையம் இடர். ஒவ்வொரு சுற்றிலும் "இப்போது நம்மைக் கவிழ்க்கக்கூடிய மிகப் பெரிய விஷயம் எது?" என்று கேட்டு, அதை முதலில் செய்து பார்ப்பது. நம் நூலகத்தில் பழைய பதிவேட்டில் உள்ள பல ஆயிரம் புத்தகங்களை எப்படிக் கணினிக்குள் கொண்டுவருவது என்பதுதான் பெரிய பயம் என்றால், அழகான திரைகளை விட்டுவிட்டு முதல் வாரமே 100 புத்தகங்களை ஏற்றிப் பார்க்க வேண்டும். சுருள் மாதிரியை முழுதாகக் கடைப்பிடிக்கும் குழுக்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் இந்த ஒரு கேள்வியை எந்த மாதிரிக்குள்ளும் எடுத்துப் போகலாம்.

அடுத்து அஜைல். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் 17 பேர் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். நான்கு விழுமியங்கள், பன்னிரண்டு கோட்பாடுகள், அவ்வளவுதான். நடைமுறையைவிட மனிதர்கள், ஆவணத்தைவிட ஓடும் மென்பொருள், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்தல், திட்டத்தைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுத்தல். பின்னால் உள்ளவற்றுக்கு அதிக மதிப்பு என்றுதான் சொன்னார்கள். ஆவணமும் திட்டமும் வேண்டாம் என்று அவர்கள் எழுதவே இல்லை. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் "நாங்கள் அஜைல், எதையும் எழுத மாட்டோம்" என்று சொல்லும் குழுவில் சேர்ந்தால் மூன்றாவது மாதம் நீங்கள்தான் கஷ்டப்படுவீர்கள்.

அஜைல் என்ற சிந்தனைக்குள் வரும் ஒரு செயல்முறைதான் ஸ்க்ரம். கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லாந்தும் இதை 1995இலேயே ஒரு மாநாட்டில் முன்வைத்துவிட்டார்கள். வேலைகளைப் பேக்லாக் என்ற ஒரே பட்டியலில், முக்கியமானது மேலே வரும்படி வைப்பார்கள். மேலே இருப்பதில் கொஞ்சம் எடுத்து, ஒரு மாதத்துக்கு மேற்படாத ஒரு சுற்றில் முடிப்பார்கள். அந்தச் சுற்றுக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர், பல குழுக்களில் அது இரண்டு வாரம். தினமும் 15 நிமிடக் கூட்டம். முடிவில் பயனருக்குக் காட்டுவது, பிறகு குழு தனக்குள் எது நன்றாகப் போனது, எது போகவில்லை என்று பேசுவது. இத்தனை கூட்டங்களிலும் உயிர்நாடியானது பயனருக்குக் காட்டும் கூட்டம். அதை மட்டும் தவிர்த்துவிட்டு மற்றவற்றை ஒழுங்காக நடத்தும் குழு, இரண்டு வாரத் துண்டுகளாக வெட்டிய அருவியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கும்.

டொயோட்டாவின் தொழிற்சாலை முறையிலிருந்து வந்த கான்பானில் ஸ்பிரிண்ட் கிடையாது. பலகையில் வேலைச் சீட்டுகள் நகரும். ஒரே சமயத்தில் எத்தனை சீட்டுகள் கையில் இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. எப்போது என்ன பிழை வரும் என்று தெரியாத பராமரிப்புக் குழுக்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

நம் நூலகத்துக்கு எது? நூலகருக்குத் தன் வேலை தெரியும், ஆனால் கணினியில் அது எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாது. தவறு நடந்தாலும் பழைய பதிவேடு இருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. அதனால் இரண்டு வாரச் சுற்றுகள். அபராதக் கணக்கை மட்டும் வி மாதிரி போலக் கண்டிப்பாக எழுதிச் சோதிப்பேன், பணம் சம்பந்தப்பட்டது என்பதால். ஒரே திட்டத்துக்குள் இப்படிக் கலப்பது தவறா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் தவறே இல்லை.

படி 3: தாளில் வடிவமையுங்கள்

முதலில் தரவை வரையுங்கள், திரைகள் அப்புறம். நான் இந்த வகை மென்பொருளை முதன்முதலில் எழுதியபோது 'புத்தகம்' என்று ஒரே ஓர் அட்டவணை போட்டேன். அலமாரியில் ஒரே நூலின் மூன்று பிரதிகள் இருந்தன. இரண்டு பேர் எடுத்துப் போனார்கள். எந்தப் பிரதி யாரிடம் என்று என் மென்பொருளால் சொல்ல முடியவில்லை. நூலும் பிரதியும் வேறு வேறு: தலைப்பும் ஆசிரியரும் நூலுக்கு உரியவை, கிழிந்த அட்டையும் இரவல் தேதியும் பிரதிக்கு உரியவை. ஒரு தாளில் இரண்டு பெட்டி வரைந்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் அதைத் திருத்தியபோது ஏற்கெனவே எழுதிய எல்லாத் திரைகளையும் தொட வேண்டியிருந்தது. அஜைல் குழுவாக இருந்தாலும் தரவு வடிவமைப்புக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படி 4: மெல்லிய துண்டாக எழுதுங்கள்

எல்லாத் திரைகளையும் முதலில், பிறகு எல்லாத் தரவுத்தள வேலையும் என்று போகாதீர்கள். "ஒரு உறுப்பினர் ஒரு பிரதியை எடுத்துப் போகிறார்" என்ற ஒரே செயலைத் திரையிலிருந்து தரவுத்தளம் வரை முழுதாக ஓட வையுங்கள். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, அதை நூலகரிடம் காட்டலாம். கோடில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைச் சேமித்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். தனியாக வேலை செய்தாலும்தான். சின்னச் சின்ன மாற்றங்களாகச் சேமித்து, ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதைக் கோடே காட்டிவிடும்.

வேலை தாமதமானால் ஆட்களைச் சேர்க்கும் ஆசை வரும். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தை உருவாக்கும் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எச்சரித்தார்: தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பேச வேண்டிய இணைகளும் பெருகும். 5 பேர் என்றால் 10 இணைகள், 10 பேர் என்றால் 45. ஆட்களைச் சேர்ப்பதற்குப் பதில் வேலையைக் குறைக்க முடியுமா என்று பேக்லாக்கின் அடிப்பகுதியைப் பாருங்கள்.

படி 5: எல்லைகளில் சோதியுங்கள்

இரவல் காலம் 14 நாள் என்றால் 5ஆம் நாளைச் சோதித்துப் பயனில்லை. 14ஆம் நாள், 15ஆம் நாள், பிப்ரவரி 29, ஆண்டு மாறும் நாள், எடுத்த அன்றே திருப்புவது. பிழைகள் குடியிருப்பது இங்கெல்லாம்தான். அலகுச் சோதனைகளைக் கோடோடு சேர்த்தே எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும்படி வையுங்கள்.

வேறு இடத்தில் நன்றாக ஓடிய கோடு என்பதால் சோதனையைத் தவிர்க்காதீர்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுத்துவந்த கோடு, 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்று நிரம்பி வழிந்தது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வந்ததே இல்லை. புதிய ராக்கெட்டின் பாதையை வைத்து அந்தப் பாகத்தை யாரும் சோதிக்கவில்லை. கோடு மாறவில்லை, சூழல் மாறிவிட்டது.

படி 6: திரும்பி வரும் வழியோடு வெளியிடுங்கள்

வெளியிடுவதற்கு முன் இரண்டு விஷயங்கள் தயாராக இருக்க வேண்டும்: தரவின் காப்புப் பிரதி, பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி. இரண்டையும் ஒருமுறை செய்து பாருங்கள். மீட்டுப் பார்க்காத காப்புப் பிரதியை நம்ப முடியாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 8 சர்வர்களில் 7இல் மட்டும் புதிய கோடை ஏற்றியிருந்தது. எட்டாவதில் விழித்துக்கொண்ட பழைய கோடு சுமார் 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கு மேல் இழப்பை உண்டாக்கியது. கையால் ஏற்றினால் இப்படி விடுபடும். எழுதுபவரும் இயக்குபவரும் ஒரே குழுவாக இருந்து, ஏற்றும் வேலையைத் தானியங்கியாக்க வேண்டும் என்ற டெவ்ஆப்ஸ் சிந்தனை பிறந்தது இப்படிப்பட்ட வலிகளிலிருந்துதான்.

படி 7: வெளியிட்ட பிறகு

பயன்பாட்டில் உள்ள மென்பொருள் தொடர்ந்து மாற்றப்பட வேண்டும், இல்லாவிட்டால் அதன் பயன் குறைந்துகொண்டே போகும் என்று மெயிர் லேமன் என்ற கணினி ஆய்வாளர் 1970களிலேயே சொன்னார். மென்பொருளின் ஆயுளில் பெரும்பகுதி பராமரிப்பில்தான் கழிகிறது. புதியவர்களை முதலில் பராமரிப்பில் போடுவார்கள். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். மற்றவர் எடுத்த முடிவுகளின் விளைவை அங்கேதான் நேரில் பார்க்க முடியும்.

வரும் ஒவ்வொரு பிழையையும் எழுதும்போது பக்கத்தில் இன்னொன்றையும் குறியுங்கள்: இது எந்தக் கட்டத்தில் உள்ளே வந்தது, எந்தக் கட்டத்தில் பிடிபட்டது? சில மாதங்களில் ஒரு வடிவம் தெரியும். தேவையில் நுழைந்து வெளியீட்டில் பிடிபடுபவை அதிகம் என்றால் பயனருக்குக் காட்டும் சுற்றைக் குறுக்க வேண்டும். நிரலாக்கத்தில் நுழைந்தவை அதிகம் என்றால் மாதிரியை மாற்றிப் பயனில்லை. அலகுச் சோதனையையும், ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துப் பார்க்கும் கோடு மதிப்பாய்வையும் பலப்படுத்த வேண்டும்.

முதல் வெளியீடு முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடியும் நூலகர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கணினித் திரைக்குப் பக்கத்தில் அவர் இன்னும் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதினால், என்ன எழுதுகிறார், மென்பொருளில் ஏன் எழுதவில்லை என்று பொறுமையாகக் கேளுங்கள். அந்த நோட்டில் உள்ள வரிகளை அன்றைக்கே பேக்லாக்கின் மேல்பகுதியில் சேர்த்துவிடுங்கள்.